பாட்டில் விலையா, கிளாஸ் விலையா: குறைந்த பட்ஜெட்டில் நல்ல ஒயினுக்கு எந்த வழி?

கையில் இருக்கும் பணம் கொஞ்சம், ஆசையோ நல்ல ஒயின் மேல். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கீழ் அடுக்கில் இருக்கும் மலிவான பாட்டிலையே அடிக்கடி வாங்குவதா, இல்லை எப்போதாவது ஒன்று, ஆனால் நல்லதாக வாங்குவதா? அட்டைப் பெட்டியில் வரும் ஒயின் அவ்வளவு மட்டமா? பிரபலமான ஊரின் சுமாரான ஒயினா, பெயரே கேள்விப்படாத ஊரின் நல்ல ஒயினா? வீட்டுக்கே ஒயின் அனுப்பும் சந்தா கிளப்பில் சேர்ந்தால் மிச்சமாகுமா?

எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. ஒருவர் வாரத்தில் எத்தனை நாள் குடிக்கிறார், கூட யார் இருக்கிறார்கள், திறந்ததை முடிக்கிறாரா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ஆனால் எல்லா வழிகளையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்க்க முடியும். தராசை முதலில் சரிசெய்துகொள்வோம்.

## எதை வைத்து அளப்பது

பாட்டிலின் விலையை விடுங்கள். ரசித்துக் குடித்த ஒவ்வொரு கிளாஸும் என்ன விலைக்கு வந்தது என்பதுதான் முதல் அளவுகோல். ஒரு பாட்டில் 750 மி.லி.; 150 மி.லி. வீதம் ஊற்றினால் 5 கிளாஸ். வீட்டில் ஒயின் குடிப்பவர் நீங்கள் ஒருவர்தான், இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு மீதியை மறந்து, ஒரு வாரம் கழித்துப் புளித்துப்போனதைச் சிங்க்கில் கொட்டுகிறீர்கள் என்றால், அந்த இரண்டு கிளாஸும் உங்களுக்கு இரண்டரை மடங்கு விலைக்கு வந்திருக்கின்றன. பட்ஜெட்டைப் பற்றிப் பேசுபவர்கள் பலரும் இந்த ஒரு கணக்கைப் போடுவதே இல்லை.

இரண்டாவது, கொடுத்த காசில் திராட்சைக்கும் அதை ஒயினாக்கிய வேலைக்கும் எவ்வளவு போகிறது என்பது. கண்ணாடி, தக்கை, லேபிள், லாரி, கப்பல் எல்லாவற்றுக்கும் ஆகும் செலவு மலிவான ஒயினுக்கும் நல்ல ஒயினுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பல நாடுகளில் மதுவுக்கான வரியும் லிட்டர் கணக்கில்தான் விழுகிறது. கணக்குக்காக ஒரு எண்ணை வைத்துக்கொள்வோம்: 10 கொடுத்து வாங்கும் பாட்டிலில் இந்த வெளிச் செலவெல்லாம் 7, உள்ளே இருக்கும் ஒயினுக்கு 3. அதே கடையில் 15 கொடுத்தால் வெளிச் செலவு கொஞ்சம் ஏறி எட்டரை ஆகும், ஒயினுக்கு ஆறரை மிஞ்சும். விலை ஒன்றரை மடங்கு, ஒயினுக்குப் போகும் பணம் இரண்டு மடங்குக்கும் மேல். அடிமட்டத்திலிருந்து ஒரே ஒரு படி ஏறுவது எப்போதுமே லாபமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மேலே போகப் போக இந்த லாபம் தேய்ந்துகொண்டே வரும், ஒரு கட்டத்துக்கு மேல் நீங்கள் வாங்குவது பெயரையும் அரிதான தன்மையையும்தான். வரி விலையின் சதவீதமாக விழும் இடங்களில் இந்தக் கணக்கு கொஞ்சம் பலவீனமாகும், ஆனால் பொய்யாகாது.

மூன்றாவது, திறந்த பிறகு எத்தனை நாள் தாங்கும். நான்காவது, ஏமாறும் வாய்ப்பு எவ்வளவு. ஐந்தாவது, எத்தனை விதமான ஒயினை ருசித்துப் பார்க்க முடியும். இந்தக் கடைசியைச் சிலர் பொருட்படுத்த மாட்டார்கள், பிடித்த ஒன்றையே குடித்துக்கொண்டிருப்பார்கள். அதில் தப்பே இல்லை, அப்படிப்பட்டவர்களுக்குத் தேர்வு இன்னும் சுலபம்.

அப்புறம் "நல்ல" என்பதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள்: பழுதில்லாமல், புளிப்பும் துவர்ப்பும் இனிப்பும் ஒன்றையொன்று அமுக்காமல், இன்னொரு வாய் குடிக்கத் தோன்ற வைக்கும் ஒயின். லேபிளில் இருக்கும் கோட்டைப் படத்துக்கு இதில் இடமில்லை.

## வழி 1: கீழ் அடுக்குப் பாட்டிலை அடிக்கடி வாங்குவது

பெரிய நிறுவனங்கள் லட்சக்கணக்கில் நிரப்பும் இந்த பாட்டில்களை ஒரேயடியாக மட்டம் தட்ட வேண்டியதில்லை. கெட்டுப்போன ஒயின் இதில் கிடைப்பது அபூர்வம். போன வருடம் எப்படி இருந்ததோ அப்படியே இந்த வருடமும் இருக்கும். திருகு மூடி போட்டிருந்தால் இன்னும் நல்லது, தக்கையிலிருந்து வரும் ஈர அட்டை வாடை பற்றிய கவலையே வேண்டாம்.

சிக்கல் சிவப்பு ஒயினில்தான். கனமான, ஓக் மரப் பீப்பாயின் மணம் கொண்ட சிவப்பு ஒயின் செய்வது உண்மையிலேயே செலவு பிடிக்கும் வேலை. 225 லிட்டர் பீப்பாய் ஒன்றில் பிடிப்பது 300 பாட்டில்தான், அந்தப் பீப்பாயின் புது மணமோ சில தடவைகளிலேயே போய்விடும். இந்தச் செலவைக் கீழ் அடுக்கு விலையில் அடக்க முடியாது. அதனால் பீப்பாய்க்குப் பதில் ஓக் சில்லுகளையோ பலகைத் துண்டுகளையோ தொட்டியில் போட்டு மணத்தை ஏற்றுவார்கள், திராட்சையின் வெறுமையை மறைக்கக் கொஞ்சம் சர்க்கரையை விட்டுவைப்பார்கள். ஐரோப்பாவில் பொதுவாக லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருந்தால்தான் இனிப்பில்லாத ஒயின் என்பார்கள். நன்றாக விற்கும் மலிவுச் சிவப்புகள் சிலவற்றில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். முதல் வாய் வழவழப்பாக இறங்கும், பாதி கிளாஸில் திகட்டும், மீதி பாட்டில் ஃபிரிட்ஜ் கதவில் நிற்கும். இந்த வழியின் மறைமுகச் செலவே அதுதான், குடிக்க மனசு வராமல் வீணாவது.

அதனால் இந்த அடுக்கில் கை வைத்தே ஆகவேண்டும் என்றால் வெள்ளைக்கோ இளஞ்சிவப்பான ரோஸேவுக்கோ போங்கள். பீப்பாய் பார்க்காத, இளசாகக் குடிக்க வேண்டிய வெள்ளை ஒயினை நல்லபடியாகவே மலிவாகச் செய்ய முடியும், ஏனென்றால் அதற்கு ஓக்கும் வேண்டாம், வருடக்கணக்கில் கிடங்கில் வைத்துக் காக்கவும் வேண்டாம். போர்ச்சுகலின் வின்யோ வெர்தே, பிரான்சில் லுவார் நதி கடலில் சேரும் பக்கத்து மஸ்கடே, சிலி நாட்டு சாவிஞோன் பிளாங்க் எல்லாம் இந்த ரகம். லேபிளில் இருக்கும் அறுவடை ஆண்டை மட்டும் பாருங்கள். இந்த வெள்ளைகள் நான்கு வருடம் பழசாகித் தள்ளுபடியில் கிடந்தால் அது சலுகை இல்லை, கடைக்காரர் அலமாரியைக் காலி செய்கிறார்.

எப்போது இதுவே சரி: பழம் நறுக்கிப் போட்டு சங்கிரியா கலக்கும்போது, சமையலில் ஊற்றும்போது, நாற்பது பேர் வரும் விருந்தில் யாரும் கிளாஸைக் கவனிக்காதபோது.

## வழி 2: ஒரு படி மேலே, பெயர் பெறாத ஊர்

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒயின் விலையில் பெரிய பங்கு ஊர்ப் பெயருக்குப் போகிறது. பிரபலமான ஊரில் நிலத்தின் விலையே எங்கேயோ நிற்கும், அந்த வட்டி பாட்டில் விலையில்தான் வந்து விழும். அதே திராட்சை, அதே செய்முறை, பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி வேறு பெயரில் வரும்போது விலை சட்டென்று இறங்குகிறது. சில சமயம் ஊர்கூட மாறுவதில்லை, அதே தோட்டக்காரர் அதே திராட்சையில் செய்து சீக்கிரமே விற்றுவிடும் ஒயினுக்கு வேறு பெயர், அவ்வளவுதான்.

| பிரபலமான பெயர் | அதற்குப் பதிலாக | ஒற்றுமையும் வேற்றுமையும் |
|---|---|---|
| ஷாம்பெயின் | கிரேமான் (பிரான்ஸ்), காவா (ஸ்பெயின்) | பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கும் அதே முறை. ஆண்டு குறிக்காத ஷாம்பெயினுக்குக் குறைந்தது 15 மாதக் காத்திருப்பு, காவாவுக்கு 9 மாதம் |
| பரோலோ (இத்தாலி) | லாங்கே நெபியோலோ | அதே நெபியோலோ திராட்சை. பரோலோ 38 மாதம் காத்திருக்க வேண்டும், இதற்கு அந்தக் கட்டாயம் இல்லை |
| புருனெல்லோ டி மொன்டால்சினோ (இத்தாலி) | ரோஸோ டி மொன்டால்சினோ | அதே ஊர், அதே சான்ஜியோவேசே திராட்சை. அறுவடைக்கு அடுத்த வருடமே விற்பனைக்கு வரும் |
| சான்சேர் (பிரான்ஸ்) | தூரேன் சாவிஞோன் | அதே திராட்சை, அதே லுவார் பள்ளத்தாக்கு. ஆழம் கொஞ்சம் குறைவு |
| பர்கண்டி சிவப்பு | போஜோலேயின் பத்து கிராமப் பெயர்கள் (மோர்கோன், ஃப்ளூரி முதலியவை) | திராட்சை வேறு, பினோ நுவாருக்குப் பதில் கமே. வாயில் லேசாக இறங்குவதும் பழ மணமும் அந்த ரசனைக்கு அருகில் வரும் |

இந்த அட்டவணையை மாற்றுப் பட்டியலாக மட்டும் பார்க்காதீர்கள். லாங்கே நெபியோலோவைப் "பரோலோவின் ஏழைத் தம்பி" என்று நினைத்துக் குடித்தால் குறைதான் தெரியும். இளசாகவே குடிக்கத் தயாராக இருக்கும் தனி ஒயின் என்று எடுத்துக்கொண்டால், உண்மையைச் சொல்லப்போனால், ஒரு சாதாரண வார நாளில் பரோலோவைவிட அது நன்றாகவே பொருந்தும். இளம் பரோலோவின் துவர்ப்பு வாயைக் கட்டிப்போட்டுவிடும்.

இத்தாலியின் குமிழ் ஒயினான ப்ரோசெக்கோவை நான் அட்டவணையில் சேர்க்கவில்லை. அது மோசம் என்பதால் அல்ல. அதன் குமிழ் பெரும்பாலும் பெரிய தொட்டியில் உருவாகிறது, ஷாம்பெயினின் ரொட்டி வாசனையை எதிர்பார்த்து வாங்குபவருக்கு அங்கே பேரிக்காய் வாசனைதான் கிடைக்கும். அதுதான் பிடிக்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

இதே வழியில் இன்னொரு கிளை, மற்றவர் செலவில் முதிர்ந்த ஒயின். ஸ்பெயினின் ரியோஹாவில் சிவப்பு ரெசெர்வா என்று எழுத வேண்டுமானால் குறைந்தது 3 வருடம் முதிர வைத்திருக்க வேண்டும், அதில் குறைந்தது 1 வருடம் ஓக் பீப்பாயில். கிரான் ரெசெர்வாவுக்கு 5 வருடம், அதில் 2 வருடம் பீப்பாய். சட்டப்படியான விதி இது. அந்தக் காலமெல்லாம் பணத்தை முடக்கி, கிடங்கு வாடகை தாங்கி, பாதுகாத்து வைத்தவர் தயாரிப்பாளர். அப்படியிருந்தும் பல ரியோஹா ரெசெர்வாக்கள் அதே வயதுள்ள, பிரான்சின் பேர்பெற்ற போர்டோ ஒயினைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வேறு பல நாடுகளில் லேபிளில் இருக்கும் "ரிசர்வ்" என்பதற்கு எந்தச் சட்ட அர்த்தமும் கிடையாது, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். "பழைய கொடிகள்" என்பதும் பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். கனமான பாட்டில், அடியில் ஆழமான குழி, தங்க நிறப் பதக்க ஸ்டிக்கர் இவையும் அதே கட்சி. பதக்கப் போட்டிகளில் கலந்துகொள்ளத் தயாரிப்பாளரே கட்டணம் கட்டித்தான் ஒயினை அனுப்புகிறார். பதக்கம் பொய் என்று சொல்லவில்லை, அந்தப் போட்டிக்கே வராத நல்ல ஒயின் நிறைய இருக்கிறது என்கிறேன்.

தேடிப் பார்க்க இன்னும் சில: போர்ட் என்ற இனிப்பு ஒயின் செய்யும் அதே திராட்சைகளில், போர்ச்சுகலின் அதே டூரோ பள்ளத்தாக்கில் செய்யும் இனிப்பில்லாத சிவப்பு, தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்லாண்ட் பக்கத்துச் செனின் பிளாங்க், தென் பிரான்சின் லாங்குடாக், ஜெர்மனியின் காபினெட் ரீஸ்லிங். கடைசியாகச் சொன்னது பல சமயம் 8 அல்லது 9 சதவீத ஆல்கஹால்தான், லேசான இனிப்பும் கூர்மையான புளிப்புமாக இருக்கும். இனிப்பே வேண்டாம் என்றால் லேபிளில் "டிரோக்கன்" என்று இருக்கிறதா பாருங்கள்.

மறைமுகச் செலவு உங்கள் நேரம்தான். இந்தப் பெயர்கள் எல்லாக் கடையிலும் இருக்காது, தேட வேண்டும், சில பாட்டில் பிடிக்காமலும் போகும். ஒரே ஊர்ப் பெயரில் நல்ல தயாரிப்பாளரும் இருப்பார், அலட்சியமானவரும் இருப்பார். அதனால் பிடித்த பாட்டிலின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள், ஊரைவிடத் தயாரிப்பாளர் பெயரும் இறக்குமதியாளர் பெயரும் முக்கியம். நல்ல இறக்குமதியாளர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் அவர் கொண்டுவரும் மற்ற ஒயின்களையும் தைரியமாக வாங்கலாம்.

எப்போது இதுவே சரி: இரண்டு பேர் சேர்ந்து ஒரு பாட்டிலை இரண்டு நாளில் முடிக்கும் வீட்டில், கொஞ்சம் தேடிப் பார்ப்பதிலேயே சந்தோஷப்படுபவர்களுக்கு.

## வழி 3: அட்டைப் பெட்டி

பெட்டி ஒயின் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிப்பதற்குக் காரணம் உள்ளே ஊற்றிய ஒயின், பெட்டி இல்லை. 1965-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் அங்கோவ் காப்புரிமை பெற்ற யோசனை இது. அட்டைக்குள் ஒரு பை, ஒயின் இறங்க இறங்கப் பையும் சுருங்கும், உள்ளே காற்று போக இடமே இருக்காது. பாட்டிலில் மீதியை வைத்தால் மேலே இருக்கும் காற்று இரண்டு மூன்று நாளில் வேலையைக் காட்டிவிடும். பெட்டியில் நான்கைந்து வாரம் வரை ஒயின் நன்றாகவே இருக்கும்.

முதல் அளவுகோலில் இதை மற்ற எதுவும் தோற்கடிக்க முடியாது. 3 லிட்டர் பெட்டி நான்கு பாட்டிலுக்குச் சமம், 20 கிளாஸ், கொட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. தினமும் ஒரே ஒரு கிளாஸ், அதுவும் தனியாக, என்று இருப்பவருக்கு இதைவிடக் கணக்கான வழி கிடையாது. கண்ணாடியும் தக்கையும் இல்லாததால் கொடுத்த காசில் ஒயினுக்குப் போகும் பங்கும் கூடுதல்.

ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் பை கண்ணாடி மாதிரி முழுக்கக் காற்றைத் தடுக்காது, மெல்ல மெல்ல உள்ளே விடும், அதனால் வாங்கும்போதே நிரப்பிய தேதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு உள்ளே இருந்தால் நல்லது, ஒரு வருடம் தாண்டியதைத் தொடாதீர்கள். சிவப்பாக இருந்தாலும் திறந்தபின் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஊற்றி இருபது நிமிடம் விட்டால் குளிர் குறைந்துவிடும். இரண்டாவது, சலிப்பு. 20 கிளாஸும் ஒரே ஒயின். பிடிக்கவில்லை என்றால் மாட்டிக்கொண்டீர்கள், அதனால் அதே ஒயின் பாட்டிலிலும் வந்தால் முதலில் ஒரு பாட்டில் வாங்கிப் பாருங்கள், ஒன்றரை லிட்டர் சிறிய பெட்டி கிடைத்தால் இன்னும் பாதுகாப்பு. மூன்றாவதைத்தான் பலர் சொல்ல மாட்டார்கள். பாட்டிலில் எவ்வளவு குறைந்தது என்று கண்ணுக்குத் தெரியும், பெட்டியில் தெரியாது. குழாயைத் திறப்பது அவ்வளவு சுலபம், ஒரு கிளாஸ் ஒன்றரையாகி, ஒன்றரை இரண்டாகிவிடும். மிச்சம் பிடித்த காசு அப்படியே போகும், உடம்புக்கும் அது நல்லதில்லை. அளந்து ஊற்றும் பழக்கம் இல்லாதவர் பெட்டி வாங்காமல் இருப்பதே மேல்.

## வழி 4: குறைவாக, ஆனால் நல்லதாக

நான்கு மலிவு பாட்டிலுக்கு ஆகும் காசில் ஒரு நல்ல பாட்டில். கேட்க அழகாக இருக்கிறது. உடம்புக்கும் இதுதான் நல்லது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. குறைத்துக் குடிக்க ஏற்கெனவே நினைத்திருப்பவருக்கு இந்த வழி இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்யும்.

ஆனால் விலை கூடினால் ருசியும் கூடுமா? 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 6,000-க்கும் மேற்பட்ட, லேபிளை மூடி வைத்த ருசிப் பரிசோதனைகளின் முடிவைப் பார்த்தார்கள். விலை தெரியாதபோது, பயிற்சி இல்லாதவர்கள் விலை கூடிய ஒயினை ரசிப்பது கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. பயிற்சி உள்ளவர்களிடம்தான் விலைக்கும் ருசிக்கும் சம்பந்தம் இருப்பதற்கான அறிகுறி தெரிந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், மூளையை ஸ்கேன் செய்துகொண்டே ஒரே ஒயினை இரண்டு வேறு விலை சொல்லிக் கொடுத்தார்கள். அதிக விலை சொன்னபோது நன்றாக இருக்கிறது என்று வாயால் சொன்னது மட்டுமில்லை, இன்பத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் இயக்கமும் கூடியது. நாம் பாசாங்கு செய்யவில்லை, விலை தெரிந்தால் நமக்கு உண்மையிலேயே கூடுதலாகப் பிடிக்கிறது. இதை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். விருந்தாளிக்கு ஊற்றும்போது விலையைச் சொல்லாதீர்கள், லேபிளை மூடிவிட்டு ஊற்றுங்கள், யாருக்கு எது பிடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

1976-இல் பாரிஸில் நடந்த மூடி வைத்த போட்டி இன்றைக்கும் இதற்குத்தான் எடுத்துக்காட்டாக நிற்கிறது. பிரெஞ்சு நடுவர்கள், எதிரில் போர்டோவும் பர்கண்டியும். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப், வெள்ளையில் ஷாட்டோ மொன்டெலீனா, இரண்டிலும் முதலிடம் பிடித்தது கலிஃபோர்னியாவின் 1973 அறுவடை ஒயின். அப்போது பெரிய பெயர் இல்லாத ஊர். பெயர் வந்த பிறகு அங்கே விலை என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை.

இந்த வழியின் மறைமுகச் செலவு எதிர்பார்ப்புதான். மாதம் முழுக்கக் காத்திருந்து திறந்த ஒற்றை பாட்டிலில் தக்கை வாடை அடித்தால் அந்த மாதமே போச்சு. கடையில் மாற்றிக் கேட்கலாம், பல கடைகள் மாற்றித் தரும், பாட்டிலையும் மீதி ஒயினையும் கொட்டாமல் எடுத்துப் போக வேண்டும். இன்னொன்று, விலை கூடிய ஒயின் பலவும் இன்றைக்கே குடிப்பதற்காகச் செய்ததில்லை. இளசாகத் திறந்தால் துவர்ப்பும் மூடிய மணமும்தான் கிடைக்கும், உங்களுக்கு ரசனை இல்லை என்று நீங்களே முடிவுகட்டிவிடுவீர்கள்.

இதைச் சரியாகச் செய்ய ஒரே நல்ல உபாயம் கூட்டு. ஆறு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 125 மி.லி., பத்துப் பேர் என்றால் 75 மி.லி. ருசித்துப் பார்க்க 75 தாராளம். ஆளுக்கு ஒரு பாட்டில் என்று கொண்டுவந்தால் ஒரே மாலையில் ஆறு ஒயினைக் குடித்துத் தீர்க்காமலே ருசித்துவிடலாம், ஐந்தாவது அளவுகோலில் இதற்கு நிகராக வேறு வழி இல்லை. கூட்டாளிகள் கிடைத்தால் மட்டும்.

எப்போது இதுவே சரி: வாரம் ஒருமுறைகூடக் குடிக்காதவருக்கு, சேர்ந்து ருசிக்க ஆள் இருப்பவருக்கு.

## வழி 5: யாரும் சீண்டாத ஷெர்ரியும் மதேராவும்

ஸ்பெயினின் ஹெரெஸ் ஊர் ஷெர்ரி என்றதும் இனிப்பான பாட்டி காலத்து பானம் என்று நினைப்பவர் நிறைய. அந்தத் தப்பெண்ணத்தால்தான் விலை இன்னும் கைக்கு எட்டுகிறது. ஃபினோ, மன்சனீயா என்ற ஷெர்ரி வகைகள் துளி இனிப்பு இல்லாதவை, உப்புக் காற்று மாதிரி ஒரு மணம், மேலே படரும் ஈஸ்ட் ஏட்டின் கீழ் பீப்பாயில் வருடக்கணக்கில் இருந்து வருபவை. ஒலொரோசோ என்ற வகை அந்த ஏடு இல்லாமல் காற்றோடு பழகி, வறுத்த கொட்டை மணத்தோடு வரும். இவ்வளவு வேலை பிடித்த, இவ்வளவு முதிர்ந்த வேறு ஒயினை இந்த விலைக்கு எனக்குத் தெரிந்து காட்ட முடியாது.

திறந்த பிறகு தாங்குவதிலும் இது கெட்டி. ஃபினோ குளிரில் ஒரு வாரம், ஒலொரோசோ ஒன்றிரண்டு மாதம். போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து வரும் மதேராவோ, செய்யும்போதே சூடாக்கி, காற்று பட்டு, படாத பாடெல்லாம் பட்டுவிட்ட ஒயின், பல மாதம் ஆனாலும் அசையாது. ஆனால் பெரும்பாலும் 15 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால், சிறு கிளாஸில் ஊற்ற வேண்டியது, அதனால் ஒரு பாட்டில் நீண்ட நாள் வரும். குறை என்ன? எல்லோருக்கும் பிடிக்காது. முதல் வாய் திகைக்க வைக்கும். 375 மி.லி. அரை பாட்டிலாக வாங்கி, ஃபினோவை நன்றாகக் குளிரவைத்துப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் பெரிய நஷ்டமில்லை.

## மீதி வழிகள், சுருக்கமாக

வெளியே போய்க் கிளாஸ் கணக்கில் குடிப்பது மலிவில்லை. பல உணவகங்களில் ஒரு கிளாஸுக்கு வாங்கும் விலை அந்த பாட்டிலை அவர்கள் வாங்கிய விலைக்கு அருகில் வந்துவிடும். ஆனால் முழு பாட்டில் வாங்கத் தயங்கும் ஒயினை ஒரு தடவை ருசிக்க இது நல்ல வழி, பாட்டில் என்றைக்குத் திறந்தது என்று மட்டும் கேளுங்கள்.

கிளப்பும் அவை அனுப்பும் பல ஒயின் கலந்த பெட்டியும்: முதல் பெட்டி அடிமாட்டு விலைக்கு வரும், அடுத்ததிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும். பல கிளப்புகள் தங்களுக்கென்றே அச்சடித்த லேபிளை அனுப்புகின்றன, வேறு கடையில் அது இல்லாததால் "இவ்வளவு தள்ளுபடி" என்பதைச் சரிபார்க்க வழியே இல்லை. தயாரிப்பாளர் பெயர் தெளிவாக இருந்து, நிறுத்துவதும் சுலபமாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

வாங்கி வருடக்கணக்கில் வைப்பது குறைந்த பட்ஜெட்டுக்கு ஆகாத வேலை. உலகில் செய்யும் ஒயினில் மிகப் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் குடித்துவிட வேண்டியது. வைக்க வேண்டியதை வைக்க 12, 13 டிகிரி நிலையான குளிர் வேண்டும், அதற்கான ஃபிரிட்ஜும் மின்கட்டணமும் சேர்ந்தால் மிச்சம் பிடித்தது போய்விடும். முதிர்ந்தது வேண்டுமென்றால் மேலே சொன்ன ரியோஹாவை வாங்குங்கள்.

ஊசி போட்டு, தக்கையைத் திறக்காமலே ஊற்றும் கொராவின் போன்ற கருவிகள் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் ஆர்கான் வாயுக் குப்பி தீரத் தீர வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விலை கூடிய பாட்டில் வாங்குபவருக்கு அது லாபம், நமக்கு இல்லை. நமக்கு வேண்டியது ஒரு சுத்தமான 375 மி.லி. காலி பாட்டில். புதிதாகத் திறந்ததும், முதல் கிளாஸுக்கு முன்பே, பாதி ஒயினைக் கழுத்துவரை அதில் நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். உள்ளே காற்று இல்லாததால் ஒரு வாரம் போல நன்றாக இருக்கும். தனியாகக் குடிப்பவருக்கு வழி 2-ஐயே சாத்தியமாக்குவது இந்த ஒரு பழக்கம்தான்.

எந்த வழியில் போனாலும், பணமே கேட்காத விஷயம் சூடு. சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி, லேசான சிவப்புக்கு இன்னும் இரண்டு மூன்று டிகிரி குறைவு, வெள்ளைக்கு 8 முதல் 12. அறை அதைவிடச் சூடாக இருந்தால் சிவப்பையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். வெதுவெதுப்பான சிவப்பில் ஆல்கஹால் நெடிதான் முன்னால் வரும், பலர் "மட்டமான ஒயின்" என்று தள்ளுவது பாதி நேரம் சூடான ஒயினைத்தான்.

## இன்னும் முடிவுக்கு வரவில்லையா?

தினம் ஒரு கிளாஸ், தனியாக: நம்பிக்கையான பெட்டி, அல்லது அரை பாட்டில் தந்திரத்தோடு வழி 2. இரண்டு பேர், வார இறுதி: வழி 2, யோசிக்கவே வேண்டாம். எப்போதாவது மட்டும், நண்பர்களோடு: வழி 4, கூட்டாக. புதுசு புதுசாக ருசிப்பதில் ஆர்வம், செலவு மட்டும் இடிக்கிறது: ஷெர்ரியிலிருந்து தொடங்குங்கள்.

கடைக்குப் போகும்போது இரண்டு தகவலோடு போங்கள்: அதிகபட்சம் இவ்வளவுதான் கொடுப்பேன் என்ற தொகை, முன்பு பிடித்த இரண்டு ஒயினின் பெயர். "நல்லதா ஒண்ணு குடுங்க" என்றால் கடைக்காரருக்கு எதுவும் புரியாது, இந்த இரண்டையும் சொன்னால் ஒயின் தெரிந்தவர் மூன்று கேள்வியாவது திருப்பிக் கேட்பார். கேட்காமல் நேராக வாசலில் குவித்திருக்கும் தள்ளுபடி அடுக்குக்குக் கூட்டிப் போனால் வேறு கடையைப் பாருங்கள்.